கீழ்க்காற்றும் மேல்மழையும்

நேயர்களுக்கு வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரான ஊத்துக்கோட்டையிலிருந்து கடல் கிழக்கே 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வடமேற்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால், நாகலாபுரம் மலைகள் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதலாக, இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு கோடைக் காற்றையும் கோடை மழையையும் குறித்து வருகிறேன். ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய பழைய வேட்டிக் கரை, ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவே என் கருவிகள்.

தமிழில் கீழ் என்றால் கிழக்கு, தாழ்வு என்று இரு பொருள். மேல் என்றால் மேற்கு, உயரம் என்றும் இரு பொருள். நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் அமைந்த சொற்கள் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், சித்திரை வைகாசிப் பிற்பகல்களில் எங்கள் ஊர்க் காற்றுக்கும் அவை அப்படியே பொருந்தும் என்பதை அறிய எனக்குச் சில கோடைகள் பிடித்தன. தரையோடு வருவது கிழக்குக் காற்று. உயரத்தில் மேகத்தைத் தள்ளி வருவது மேற்குக் காற்று.

பொழுது ஏற ஏறத் தரை காய்கிறது. கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. தரைமேல் உள்ள காற்று இலேசாகி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. கடலோரப் பழவேற்காட்டில் நண்பகலையொட்டித் தொடங்குவது எங்களை எட்ட மூன்று, நான்கு மணி ஆகிவிடும். கிழக்கே பறந்துகொண்டிருந்த வேட்டிக் கரை முதலில் தொய்ந்து கழியோடு ஒட்டித் தொங்கும். இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து மெல்ல எழுந்து மேற்கு நோக்கி நீளும். அப்போது வெயில் தணியும், ஆனால் கழுத்து வியர்வை காயாது. மேற்குக் காற்று ஓங்கிய நாட்களில் கடற்காற்று சென்னைக்கே பிந்தித்தான் வரும். அத்தகைய நாட்களில்தான் வெயில் கொளுத்தும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் பக்கம் செங்கல் சூளைகள் அதிகம். ஒரு வைகாசி மாலை, சூளை மேஸ்திரி ஒருவர், "சார், இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டார். அறுத்துப் போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் களம் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. நான் வேட்டிக் கரையை அண்ணாந்து பார்த்தேன். குளிர்ந்த கீழ்க்காற்று சீராக வீசியது. கிழக்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. "வராது" என்றேன். ஒரு மணி நேரத்துக்குள் நாகலாபுரம் பக்கமிருந்து, வீசும் காற்றுக்கு எதிராகவே, கருமேகம் ஏறி வந்தது. வேட்டிக் கரை சட்டென்று திரும்பிக் கிழக்கே அடித்துக்கொண்டது; மண்வாசனை வந்தது; பிறகு மழை. பாதிக் கல் கரைந்து சேறாகிவிட்டது. மீதிப் பாதியைத் தார்ப்பாய் காப்பாற்றியது. "நீங்க துணியப் பாத்தீங்க சார், நான் மலையப் பாத்தேன்" என்றார் மேஸ்திரி. என் பேச்சை முழுதாக அவர் நம்பாதது அவருடைய நல்ல காலம்.

கடற்காற்று மழையைச் சுமந்து வருவதில்லை. மழைக்கு வேண்டிய ஈரத்தைத்தான் கொண்டு சேர்க்கிறது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கும் அந்த ஈரக்காற்று, சுட்ட காற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. மலைச்சரிவில் ஏற்கெனவே எழுந்துகொண்டிருக்கும் மேகம் இந்த ஈரத்தை உண்டு 10 கிலோமீட்டருக்கும் மேலே வளர்ந்துவிடும். தொலைக்காட்சியில் நாள்தோறும் கேட்கும் வெப்பச்சலனத்தில் ஒரு பாதி இதுதான். மழையால் குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து கீழே விழுந்து, மழைக்கு முன்பாகவே பரவி வருவதால்தான் வேட்டிக் கரை திரும்புகிறது. மீண்டும் சொல்கிறேன்: தரைக்காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பாருங்கள்.

மாம்பிஞ்சு உதிர்க்கும் பங்குனி மழையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால், இன்னும் இரண்டே நிமிடம் என்று இரண்டு விரல்களைக் காட்டிவிட்டார்கள். ஆகவே ஒன்றே ஒன்று. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணுங்கள். இடியோசை ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால், மாமரத்தடியில் நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள். வணக்கம்.