மூன்று கையெழுத்தும் ஒரு கையெழுத்தும்

[காட்சி: ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் அச்சு. அதன் கட்டங்களுக்குள் மஞ்சள் கலவையை ஊற்றும் கை.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது, வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை. ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட்டை ஊற்றிவிட்டு அச்சைத் தூக்க வேண்டும். கைப்பழக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினாலும் பூவின் இதழ் பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்துவிடும். அப்புறம் உலர்ந்த மணலும் சிமெண்ட்டும் தூவி, மேலே கலவை போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம் பளபளவென்று வரும்.

இப்படி வேலை தெரிந்த ஒருவர், வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்ததால் வேலையில்லாமல் நின்றால், அரசாங்கம் என்ன தரும்? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: துறைமுகம், கண்டெய்னர் பெட்டிகள்.]

முதலில் அமெரிக்கா. 1962-ல் கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது, டிரேட் அட்ஜஸ்ட்மெண்ட் அசிஸ்டன்ஸ் என்ற திட்டம் அங்கே வந்தது. இறக்குமதி வரியைக் குறைத்தால் நாட்டுக்கு லாபம்தான். ஆனால் அந்த லாபத்துக்காக வேலையைப் பறிகொடுத்தவரை நாடு கைவிடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்த திட்டம் இது. எண்ணம் நல்லது, நிபந்தனைகள்தான் கழுத்தை இறுக்கின. 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி கிடைக்கவில்லை. 1974-ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் நிறையப் பேர் கைக்குப் பணம் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே கம்பெனியில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து மனு போட்டால் போதும், அரசு விசாரித்தாக வேண்டியிருந்தது. முதலாளி சம்மதிக்க வேண்டியதில்லை என்றிருந்தது. இறக்குமதிதான் காரணம் என்று முடிவானால், புதுத் தொழில் படிக்கச் செலவு, படிக்கிற காலத்தில் வாரப் பணம், வேறு ஊருக்குக் குடிபோக உதவி எல்லாம் கிடைத்தது. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இரண்டு வருஷம் வரை அரசே கொடுத்தது. அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அந்த வயதில் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்த யாரோ எழுதிய விதி அது.

2022 ஜூலை 1-ஆம் தேதியோடு புது மனுக்களுக்கு இந்தத் திட்டத்தின் கதவு மூடிவிட்டது.

[காட்சி: சாத்தூர் சாலை. தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரி.]

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே சரக்கைக் காப்பாற்ற வழி இருக்கிறது. சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டித் தொழில் தள்ளாடியபோது, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வரும் சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கும் சரக்கின் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் போடுவார்கள். ஆனால் அந்த வரி கேட்டு டெல்லிக்கு மனு போடுவது உற்பத்தியாளர் தரப்பு. தறி ஓட்டியவரோ அச்சைத் தூக்கியவரோ தன் வேலை போனதற்காகப் போடும் மனு அதில் கிடையாது. மூன்று கையெழுத்துக்கு அங்கே இருந்த மதிப்பு இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதற்காக இங்கே கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆலையை மூடினாலோ ஆள்குறைப்பு செய்தாலோ, ஒவ்வொரு முழு வருஷ வேலைக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூடினால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் தர வேண்டாம் என்று ஒரு விதி இருக்கிறது. "நஷ்டமாகிவிட்டது, சரக்கு விற்காமல் தேங்கிவிட்டது" என்பதை மட்டும் சொல்லி அந்த விதிக்குள் ஒளிய முடியாது, சட்டமே அப்படிச் சொல்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆள்குறைப்பில் போனவருக்கு மறுபயிற்சி நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம் சேர்ந்திருக்கிறது. 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தையும் கேளுங்கள். வேலை போனவருக்கு 90 நாள் வரை பணம் தரும் திட்டம் அது. முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள், கொரோனா காலத்தில் 50 ஆக்கினார்கள்.

[காட்சி: சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர்.]

இது என் சித்தப்பாவுடையது. ஒரு நூற்பாலையில் 18 வருஷம் வேலை பார்த்தார். மில்லை மூடும் வாரத்தில் ஒரு கவரும் இந்தக் கேரியரும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று அதில் இருந்தது. அவர் படித்துப் பார்க்கவில்லை. தானாக விலகினால் அது ஆள்குறைப்பு ஆகாது. 270 நாள் சம்பளம் அந்த ஒரு கையெழுத்தில் போனது. சித்தி இன்றைக்கும் அந்தக் கேரியரில் சோறு கட்டுவதில்லை.

[காட்சி: மறுபடியும் ஆத்தங்குடி. வெயிலில் காயும் கற்கள்.]

இந்தப் பட்டறைக்காரர் நிலைமை இன்னும் சிக்கல். அவருக்குப் போட்டி குஜராத்தின் மோர்பியில் இருந்து வரும் டைல்ஸ். அது உள்நாட்டுச் சரக்கு. அமெரிக்கச் சட்டம் அப்படியே இங்கே வந்தாலும் இறக்குமதி என்று காட்ட முடியாமல் அவர் வெளியேதான் நிற்பார். காரைக்குடிக் கண்டாங்கி நெய்கிறவருக்கு விசைத்தறியோடு இருக்கும் பாடும் இதேதான். வேலை எதனால் போனது என்று பார்த்து உதவுவதைவிட, போனது என்பதற்காகவே உதவும் திட்டம்தான் இவர்களைத் தொடும். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு ஏது? அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிந்தால் பிள்ளைகள் படிப்புக்கும், 60-க்கு மேல் ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. வேலை போன மாதத்துக்கு அதில் பணம் இல்லை.

மில்லிலோ கம்பெனியிலோ இருப்பவர்கள் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. நம்பர், வேலையில் சேர்ந்த தேதி உள்ள காகிதம் மூன்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். கணக்குத் தீர்க்கும் நாளில் நீட்டுகிற தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மறுநாள் வாருங்கள். தாளைக் கொண்டுபோகத் தர மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடாமல் நேரே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.