காகத்தையும் எழுதுங்கள்: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு

வணக்கம் நண்பர்களே. பொங்கலை ஒட்டிய நான்கு நாள்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்காக, எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். 2015இல் தொடங்கிய இதில் கலந்துகொள்ளப் பறவையியல் படித்திருக்க வேண்டியதில்லை. சரணாலயத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. மொட்டை மாடியிலோ வயல் வரப்பிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் இனம்வாரியாக எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்டு (eBird) செயலியில் ஏற்றினால் போதும்.

பலரும் என்னிடம் கேட்பது, காகத்தையும் மைனாவையும் எதற்காக எழுத வேண்டும் என்பதுதான். அவற்றை எழுதாத பட்டியலால் பெரிய பயன் இல்லை என்பதே என் பதில். பட்டியலை முடிக்கும்போது, நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று செயலி கேட்கும். ஆம் என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால்தான் அது முழுப் பட்டியல் ஆகிறது. முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அது அங்கே தென்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். பிடித்த பறவைகளை மட்டும் பொறுக்கி எழுதிய பட்டியலில் அப்படிக் கொள்ள வழியே இல்லை.

நம் ஊர் மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத் தெரிந்து, இறக்கையை விரித்ததும் நீலமாகப் பளிச்சிடும் அந்தப் பறவை எங்கும் இருக்கிறது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். 942 இனங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையோ, அது கணிசமாகக் குறைந்து வருகிறது என்றும், உலக அளவில் அதன் பாதுகாப்பு நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. அதே அறிக்கையின்படி மயில் வெகுவாகப் பெருகியிருக்கிறது. அதை நம் விவசாயிகளுக்கு அறிக்கை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். இந்த முடிவுகளுக்கு அடிப்படை, நூறு பட்டியல் எழுதினால் எத்தனையில் ஓர் இனம் இடம்பெறுகிறது, அந்த விகிதம் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கணக்குதான். சாதாரணப் பறவையைச் சாதாரணமாக இருக்கும்போதே எழுதி வைத்தால்தான், அது குறையும்போது நமக்குத் தெரியவரும்.

இந்தப் பழக்கம் பழையது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, யார் அதிகம் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று வேட்டையாடும் வழக்கம் இருந்தது. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோமே என்று அழைக்க, 27 பேர் அன்று எண்ணினார்கள். அது இன்றும் தொடர்கிறது. நமக்கும் தை மாதம் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த நீர்நிலைகளில் இன்னும் தண்ணீர் இருக்கும், வடக்கிலிருந்து வந்த தகைவிலான்களும் உள்ளான்களும் வாத்துகளும் வந்த இடத்தில் தங்கிவிட்டிருக்கும். ஒரே குறை, கோயில் ஒலிபெருக்கி. அது தொடங்கிவிட்டால் குக்குறுவானும் தையல்சிட்டும் கத்துவது காதில் ஏறாது. ஆகவே விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள்.

எண்ணுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதோ, கரையோரச் சேற்றில் மடையான்கள் நிற்கின்றன. சேற்று நிறத்திலேயே இருப்பதால், அசையாதவரை அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எழுந்து பறந்ததும் இறக்கைகள் வெள்ளை வெளேரென்று தெரியும், பறந்து போய்ச் சற்றுத் தள்ளி இறங்கினால் மறுபடி மறைந்துவிடும். அதனால் கரையில் நடந்துகொண்டே எண்ணுபவர்கள், முன்னால் பறந்து போய் அமர்ந்தவற்றை இரண்டாம் முறை சேர்த்துவிடாமல் கவனிக்க வேண்டும். வாத்துக் கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்து, அதே அளவைக் கூட்டம் முழுவதற்கும் நகர்த்திக்கொண்டே போகலாம். பறவை இருந்தது, எண்ணவில்லை என்ற பொருளில் எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் (X) போடவும் செயலி அனுமதிக்கிறது, ஆனால் நூறு என்ற தோராயமான மதிப்பீடுகூட எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

இனம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சிறிய உள்ளானுக்குத் தோள் அருகே வெள்ளைக் கீற்று ஒன்று மேலேறிப் போவது தெரிந்தால் அதன் பெயரை உறுதியாக எழுதலாம். தெரியாவிட்டால், இனம் பிரித்தறியாத உள்ளான் என்று பதிவு செய்யவும் செயலியில் இடம் உண்டு. அரிய பறவை எதையாவது ஏற்றியிருந்தால், அதன் விவரம் கேட்டுத் தரவுகளைச் சரிபார்ப்பவர்களிடமிருந்து உங்களுக்கு மின்னஞ்சல் வரலாம். அவர்களும் நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான். கோபித்துக்கொள்ளாமல், படம் இருந்தால் படத்தை இணையுங்கள், இல்லையென்றால் பார்த்ததைப் பார்த்தபடி நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.