தாத்தாவின் தப்பு மேளம் எல்லவில் கிடைத்தது! 22,000 ரூபா கேட்டார்கள்

வணக்கம் மக்களே. உருளைக்கிழங்கு ரொட்டி வீடியோ இன்றைக்கு இல்லை, அது அடுத்த கிழமை. இஞ்சிப் பிளேன்டீ வழக்கம்போல் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு வேறு ஒன்று இருக்கிறது.

இதைப் பாருங்கள். கமராவுக்குக் கிட்டக் கொண்டு வருகிறேன். மூன்று மரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்த வளையம். இந்தப் பக்க இணைப்பில் ஒரு தகரப்பட்டி தெரிகிறதா? அந்தக் காலத்துப் பலகைத் தேயிலைப் பெட்டிகளின் ஓரத்தில் அடித்து வருமே, அந்தத் தகரம். ஐந்து ஆணி. நாலு நேராக இறங்கியிருக்கிறது, ஐந்தாவது தலை சாய்ந்து மரத்தோடு படிந்து கிடக்கிறது. அடித்தது எங்கள் தாத்தா. தாத்தாவின் தப்பு இது, 2016இல் காணாமல் போனது. போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

பழைய ஆட்களுக்குத் தாத்தாவைத் தெரியும். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து பற்றிய வீடியோவில் வெள்ளைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பார். 2019இல் இறந்துவிட்டார். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் விடியுமுன் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டார்கள். கல்யாணம், திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் தப்புதான். மாசி மாதம் காமன் கூத்தில் ரதிக்கு ஓர் அடி, மன்மதனுக்கு ஓர் அடி, எமன் வரும்போது வேறு அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் ஆடுகிறார்கள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

2016இல் காமன் தகனம் முடிந்த இரவு. தோல் இறுகுவதற்காகத் தப்புகளையெல்லாம் நெருப்பைச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். விடியக்காலை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. தாத்தாவுடையது.

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பொலிஸில் ஒரு முறைப்பாடு கூடப் போடவில்லை. அப்பாதான் வேண்டாம் என்றார். "தப்புக்குப் போய் பொலிஸா? சிரிப்பார்கள்" என்றார். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் "தப்படிக்கிறவன் மகன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் போயிருந்தால் அடுத்த நிமிடம் ஓடியிருப்போம். தாத்தாவின் உயிரான தப்பு போனதற்கு யாரும் ஓடவில்லை. தாத்தாவும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பக்கத்துத் தோட்டங்களில் எந்தச் சாவு வீடு என்றாலும் போவார். சொந்தமா, பழக்கமா என்று பார்க்கமாட்டார். ஓரமாக நின்று தப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்துவிடுவார். "சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவேன்" என்பார். மூன்று வருடம் அப்படித் தேடினார்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லையே. நீங்கள் எல்லோரும் பார்த்த வீடியோதான், எல்லவில் எடுத்த ஒன்பது வளைவுப் பாலம் வீடியோ. அதில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு தங்குமிடத்தில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிடுவேனே, அந்த இடம். பெயர் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் சுவரில் மரமுகமூடி, பழைய லாந்தர், பித்தளைச் செம்பு என்று என்னென்னவோ மாட்டியிருந்தது. அதற்கு நடுவில் இது தொங்கியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை! எடிட் பண்ணும்போதும் கண்ணில் படவில்லை. அப்பாதான் பார்த்தார். என் வீடியோவை அப்பா இரண்டு தரம் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது தரம் பார்த்தவர் போனை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு, திரையில் விரலை வைத்தார். "இந்தத் தகரத்தைப் பெரிதாக்கு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

முன்பு போட்ட ஒரு வீடியோவில் நான் தேடி எடுத்த 2014ஆம் ஆண்டுப் படம் ஞாபகம் இருக்கிறதா? அதில் தாத்தா தப்பைத் தோளில் மாட்டி நிற்கிறார், தகரம் வெளிச்சத்தில் மின்னுகிறது. அந்த ஒரு படம் இல்லையென்றால் நாங்கள் போய் என்ன சொல்லியிருக்க முடியும்? தெரிந்த சட்டத்தரணி அக்காவிடம் கேட்டேன். திருட்டுப் பொருளை ஒருவர் தெரியாமல் வாங்கியிருந்தாலும் உரிமை பழைய சொந்தக்காரருக்குத்தான் என்று வாதாடலாம், ஆனால் அன்றைக்கே முறைப்பாடு இல்லாததால் நிரூபிப்பது கஷ்டம் என்றார். வயிறு எரிந்தது.

சரி, சனிக்கிழமை விடியக்காலை நானும் அப்பாவும் கிளம்பினோம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை வழியாக பண்டாரவளை, அப்புறம் எல்ல. ஹக்கல தாண்டும்போது பனி. அப்பா வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தங்குமிடத்து முதலாளி மாத்தயா (சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம்) மோசமான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேநீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கியதாம், பில் கிடையாது. படத்தைக் காட்டினேன். பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு 22,000 ரூபா என்றார்.

இருபத்திரண்டாயிரம்! மக்களே, எங்கள் அம்மா கொழுந்து பறித்த காலத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டுமென்று எத்தனை வருடம் கத்தினார்கள். 2021இல்தான் அது கிடைத்தது. தாத்தா இதை யாரிடமும் காசு கொடுத்து வாங்கவில்லை. மரத்தை அவரே வளைத்தார், தோலை அவரே புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டினார். எங்கள் சாமானுக்கு நாங்களே விலை பேச வேண்டியிருக்கிறது. நான் 3,000 என்றேன். அவர் 18,000 என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் 15,000 என்றார். நான் திரும்ப உட்கார்ந்து, "மாத்தயா, இந்தத் தோலைப் பாருங்கள்" என்றேன்.

தோலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். சுவரில் அழகாகத் தெரிய வேண்டுமென்று தோலில் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மேலே ஒரு மயில் வேறு. தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் சத்தம். வளையத்தில் கம்பி கோர்க்க ஓட்டை போட்டிருக்கிறார்கள், இங்கே பாருங்கள். மரத்துக்குக் கறுப்புப் பொலிஷ். உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினால் புகைக்கரி விரலில் ஒட்டுகிறது, அது எங்கள் கோவிலடி நெருப்பின் கரி. "இந்தத் தோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மரம் போதும்" என்றேன். அவர் 10,000க்கு வந்தார். நான் 5,000. இப்படியே முக்கால் மணி நேரம்.

அப்போது அப்பா எழுந்து போய் அந்தச் சாய்ந்த ஆணியின் மேல் பெருவிரலை வைத்தார். சிங்களத்தில், "இதை அடிக்கும்போது நான்தான் விளக்குப் பிடித்தேன். என் கை ஆடியதால்தான் இது சாய்ந்தது" என்றார். எனக்கே தெரியாத கதை. மாத்தயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தான் கொடுத்த காசு 6,500 மட்டும் தரச் சொன்னார். 6,500க்கு வாங்கியதற்கா 22,000 கேட்டார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. இப்போது சொல்லும்போதும் ஏறுகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து எண்ணி வைத்துவிட்டார். மிச்சம் 50 ரூபாவுக்குக் கண்டக்டரிடம் சண்டை போடும் அப்பா, ஒரு ரூபா குறைக்கச் சொல்லவில்லை.

வந்த இரவு தூக்கம் வராமல் இதைப் பற்றியே தேடிப் படித்தேன். ரோமன் டோட்டன்பெர்க் என்று ஒரு வயலின் கலைஞர், அமெரிக்காவில். அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் 1980இல் கச்சேரி முடிந்த கையோடு திருடு போயிருக்கிறது. 2015இல்தான் கிடைத்திருக்கிறது, 35 வருடம் கழித்து. 1734இல் செய்த வயலின். நியூயோர்க்கில் மதிப்பீடு செய்ய எடுத்துப் போனபோது, பார்த்த நிபுணருக்கு இது அதுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் டோட்டன்பெர்க் 2012இலேயே 101 வயதில் இறந்துவிட்டார். மகள்களின் கையில்தான் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா மூன்று வருடம் சாவு வீடுகளில் நின்று கேட்டாரே, சுவரில் மயிலோடு தொங்கிய தப்பிலிருந்து சத்தம் எப்படி வந்திருக்கும்?

வீட்டில் தப்பு, உடுக்கு, மத்தளம் எது இருந்தாலும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது. உள்பக்கம், இணைப்பு, ஆணி, கீறல், எல்லாம் எடுங்கள். தோல் மாறும், மரம் மாறாது. காணாமல் போனால் வெட்கப்படாமல் அன்றைக்கே முறைப்பாடு போட்டு, பிரதியை வாங்கி வையுங்கள். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அப்போது இளம் பிள்ளைகள் தப்படித்ததைப் பார்த்து அப்பா டிவி முன்னால் எழுந்து நின்றார். அதே அப்பாதான் 2016இல் வெட்கப்பட்டார்.

வார்னிஷ் தோலை நேற்று உரித்துவிட்டோம். அந்த ஓட்டைக்கு அப்பா ஒரு மரமுளை சீவி அடைத்திருக்கிறார், இங்கே தெரிகிறது பாருங்கள், புது மரம் வெள்ளையாக. தகரத்தையும் ஐந்து ஆணியையும் தொடவிடவில்லை. கன்றுத் தோல் கட்டத் தெரிந்தவர் லிந்துலைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாசிக்கு முன்னால் கட்ட வேண்டும். புளியங்கொட்டை வாங்கியாகிவிட்டது. அப்பா வறுக்கத் தொடங்கிவிட்டார், வாசனை வருகிறது. நான் போய் உதவி செய்கிறேன்.