கப்பல்துறை இருந்தது, ஏரி போய்விட்டது

நேயர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத பாலைவனத்தில், ஓவன்ஸ் ஏரிக்கரையில் கீலர் என்றொரு ஊர். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 66 பேர். ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடத் தேறாது.

ஊர் பிறந்த கதையே விசித்திரம். மேலே செர்ரோ கோர்டோ மலையில் 1865இல் வெள்ளி கிடைத்தது. உருக்கிய கட்டிகளை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்ப வேண்டும். கோவேறு கழுதை வண்டிகள் ஏரியைச் சுற்றிப் போக நாள்கணக்கில் ஆனதால், 1872இல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற நீராவிப் படகை விட்டார்கள். அது சில மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். கரையில் தேங்கிய கட்டிகளை அடுக்கித் தொழிலாளர்கள் குடிசை போட்டுக்கொண்டார்களாம். வெள்ளிச் சுவருக்குள் தூங்கிய ஏழைகள்!

அதே 1872 மார்ச்சில் பெரிய நிலநடுக்கம். பக்கத்து ஊரான ஸ்வான்சியின் கரை மேலே எழும்பிவிட, அதன் படகுத்துறை பயனற்றுப்போனது. அதற்கு மாற்றாகத்தான் கீலர் எழுந்தது. 1883இல் ரயிலும் வந்து சேர்ந்தது. வெள்ளி தீர்ந்த பிறகு சோடா உப்பு, துத்தநாகம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஊர் பிழைத்துக் கிடந்தது.

அப்புறம்தான் அடி விழுந்தது. ஏரிக்கு வரும் ஓவன்ஸ் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விலைக்கு வாங்கியது. 1913இல் சுமார் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் திறந்தது. பம்பு ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க இறக்கத்தின் வேகம்தான். பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் 1926 வாக்கில் ஏரி வறண்டுவிட்டது.

மிச்சமிருந்தது உப்புத் தரை. காற்றடித்தால் ஆர்செனிக் கலந்த வெண்புழுதி எழுந்து கீலர் வீடுகளுக்குள் புகுந்தது. ஒரே இடத்திலிருந்து இவ்வளவு நுண்தூசி கிளம்புவது அமெரிக்காவில் வேறெங்கும் இல்லை என்ற நிலை. ரயிலும் 1960இல் நின்றது. பல பத்தாண்டு வழக்கு வாய்தாக்களுக்குப் பிறகு, 1998இல்தான் புழுதியை அடக்க நகரம் ஒப்புக்கொண்டது. செலவு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

எப்படி அடக்குகிறார்கள்? சில இடங்களில் சரளை கொட்டுகிறார்கள், சில இடங்களில் உப்புப்புல் வளர்க்கிறார்கள். பெரும்பகுதியில் தண்ணீர்தான் விடுகிறார்கள், அதுவும் அதே கால்வாயிலிருந்து எடுத்து! ஆழம் கணுக்கால் நனையும் அளவுதான். படகு ஓடாது. உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் மட்டும் திரும்பி வந்திருக்கின்றன.