பேஸ் கிட்டார் கேட்கவில்லையா? வாட்டைத் திட்டாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பை கட்டிலில் திறந்து கிடக்கிறது. அதைக் கட்டிக்கொண்டே ஒரு விஷயம் பேசிவிடலாம் என்று கேமராவை வைத்திருக்கிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, என்னிடம் 100 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி) இருக்கிறது. மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. கடன் வாங்கியாவது 500 வாட்டுக்குப் போய்விடட்டுமா?"

தம்பி, கடனெல்லாம் வாங்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். "கொஞ்சம் ஏறினது மாதிரி இருக்கே" என்பார்கள், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 100லிருந்து 500க்குப் போனால் கிடைப்பது 7 டெசிபல். மாதத் தவணை கட்டி 7 டெசிபல் வாங்குவதற்கு முன்னால், காசில்லாமல் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாமே.

உங்கள் காம்போவை எங்கே வைக்கிறீர்கள்? தரையில். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? அதற்கு ஒன்றரை அடி முன்னால். ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது. முழங்காலுக்குக் காது கிடையாது.

அடிச் சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். ஆனால் எந்த ஸ்வரம் வாசிக்கிறோம் என்று தெரிய வைக்கிற நடு அலைவரிசை ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் அதிகம் போகும். அதனால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 'ம்ம்ம்ம்'. கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவீர்கள். பத்தடி முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு நெஞ்சு அதிரும். அவர் மைக்செட்காரரைத் திட்டுவார், மைக்செட்காரர் உங்களைத் திட்டுவார்.

காம்போவை உயர்த்துங்கள், இல்லையென்றால் முன்பக்கத்தின் அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து உங்கள் முகத்தைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். நான் வைத்திருக்கிறேன், இரண்டாவது பாட்டிலேயே அது நடக்க ஆரம்பித்துவிட்டது. காலியான கேபிள் பெட்டி நன்றாக உட்காரும். பலகை போட்ட மேடையில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே பொள்ளலாக இருக்கிற பலகை மேடையே ஒரு பெரிய பறை மாதிரிதான். பெட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் பிரித்தால் அந்தக் குமுறல் ஓரளவு அடங்கும். மூலையில் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் குமுறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடுகிறேன். "பேஸ் அலை எட்டு மீட்டர் நீளம், அதனால் எட்டு மீட்டர் தள்ளிப் போனால்தான் கேட்கும்" என்று சீனியர்களே சொல்வார்கள். அலை நீளம் சரிதான். நாலு தந்தி பேஸில் கீழ் ஈ (E) தந்தி 41 ஹெர்ட்ஸ், அதன் அலை எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் அவர்கள் சொல்வது உண்மையானால் ஹெட்போனில் பேஸே கேட்கக் கூடாது. காதுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லையே! தள்ளிப் போனால் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம், ஸ்பீக்கர் பார்க்கிற பாதைக்குள் உங்கள் காது வந்துவிடுகிறது என்பதுதான்.

சரி, அடுத்தது டோன். ஒரு நிமிஷம், கிட்டாரை எடுத்துக்கொள்கிறேன்.

(வாசிக்கிறார்)

இது வீட்டு டோன். பேஸ் குமிழ் மேலே, ட்ரெபிள் மேலே, மிட் (நடு ஒலி) கீழே. தனியாகக் கேட்டால் தேன். இதே செட்டிங்கோடு மேடை ஏறினால் நீங்கள் காணாமல் போவீர்கள். அடியில் ரிதம் பேடின் கிக் உட்கார்ந்திருக்கிறது, தபலாவின் டக்கா இருக்கிறது. மேலே கீபோர்டு, பாடகர், கைத்தட்டல் எல்லாம் இருக்கிறது. நமக்கென்று மிச்சமிருந்த இடம் நடுவில்தான். அதை நாமே வெட்டிப் போட்டுவிட்டோம்.

இப்போது கேளுங்கள். பேஸ் குமிழ் நேராக, லோ மிட் நேராக, 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறேன்.

(வாசிக்கிறார்)

தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? பரவாயில்லை. எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது இந்த மூக்குதான் வெளியே தெரியும். டோனை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். போனில் ஒரு பாட்டைப் போட்டு, அதோடு வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம்ப முடியாதவர்களுக்கு ஒரு தகவல். பேஸ் என்றாலே படத்தில் வருமே, ஆள் உயர கறுப்புப் பெட்டி, பத்து இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு உள்ளது? ஆம்பெக் எஸ்விடி. 1969இல் 300 வாட் வால்வு ஹெட்டோடு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வந்தது, பெரிய மைதானக் கச்சேரிகளுக்காக. அந்தப் பெட்டியின் இன்றைய மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற கணக்கில், முழு பலத்தோடு வருவது 58 ஹெர்ட்ஸிலிருந்துதான். கீழ் ஈ தந்தியோ 41. அப்படியானால் அத்தனை பேரும் கேட்டு மயங்கியது எதை? 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வருகிற துணை ஒலிகளைத்தான். அவற்றைக் கேட்டு அடி ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் ஐந்து தந்தி வாங்கிவிட்டு 31 ஹெர்ட்ஸைத் தேடி பேஸ் குமிழை முறுக்காதீர்கள். அங்கே உங்கள் ஸ்பீக்கர் வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். ஹை பாஸ் ஃபில்டர் (அடிச் சத்தத்தை வெட்டுவது) இருந்தால் 35, 40க்குக் கீழே வெட்டியே விடுங்கள். சத்தம் குறையாது, ஆம்ப் மூச்சு விடும்.

கீபோர்டு அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேஸ் ஆள் இல்லாத கச்சேரிகளில் அவர்தான் இடது கையால் பேஸையும் பார்த்துக்கொள்வார். பழக்கம் விடாது. நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை கீழேயே இருக்கும். இருவரும் ஒரே இடத்தில் வாசித்தால் இரண்டும் கேட்காது. இதை மேடையில் மைக்கில் சொல்லாதீர்கள். சவுண்ட் செக் முடிந்து டீ குடிக்கும்போது, "அண்ணே, இந்தப் பாட்டுல மட்டும் இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே வெச்சுக்கிறீங்களா" என்று கேளுங்கள். எந்தப் பெடலும் தராத தெளிவை அந்த ஒரு டீ தந்துவிடும்.

இதுவரை சொன்னது உங்கள் காதுக்கு. ஜனங்கள் கேட்பது வேறு. மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குப் போவது உங்கள் ஆம்ப் இல்லை, டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) வழியாக மிக்சருக்குப் போகிற லைன்தான். ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் மட்டும். இது புரிந்துவிட்டால் காசை எங்கே போடுவது என்பதும் புரிந்துவிடும். என்னைக் கேட்டால், நல்ல டிஐ, நல்ல தந்தி, ஒழுங்கான செட்டப். அப்புறம்தான் ஆம்ப்.

நேராக லைனில் போனால் டோன் செத்துவிடும் என்பவர்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவர் போதும். அமெரிக்காவின் டெட்ராய்டில் மோடவுன் என்ற இசைக் கம்பெனியின் ரெக்கார்டிங்குகளில் பெரும்பாலானவற்றில் பேஸ் அவருடைய கைதான். 1962 மாடல் ஃபெண்டர் பிரசிஷன், அதில் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்தி, அதையும் லேசில் மாற்ற மாட்டார். ஆம்ப் இல்லாமல் நேராக ஸ்டுடியோ மிக்சருக்குத்தான் போகும். அறுபது வருஷம் கழித்தும் எல்லோரும் அந்த டோனைத் தேடி அலைகிறோம்.

டிஐ பாக்ஸில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். பேட்டரி இல்லாத பாஸிவ் கிட்டார் என்றால் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள், மேல் ஸ்வரங்கள் மங்காது. அதற்குப் பெரும்பாலும் மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் (கேபிள் வழியாகவே வருகிற கரண்ட்) வேண்டும். மைக்செட்காரர் மறந்திருப்பார், கேளுங்கள். இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உங்கள் ஆம்பிலேயே டிஐ இருந்தால் அதை 'ப்ரீ'யில், அதாவது டோன் குமிழ்களுக்கு முந்தைய சிக்னலில், வையுங்கள். அப்போதுதான் நீங்கள் பாட்டுக்கு நடுவில் குமிழைத் திருகினாலும் வெளியே மிக்ஸ் மாறாது. மைக்செட்காரருக்கு நம் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

கேபிள் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. வாடகைக்கு வந்த ஹெட், கேபினெட் தனித்தனி. நடுவில் போடுகிற கேபிளைக் காணோம். என் கிட்டார் கேபிளைச் செருகினேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி பிளக், கச்சிதமாகப் பொருந்தியது. நாலாவது பாட்டில் ஆம்ப் ஊமையாகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் கேபிள் சுடுகிறது. கிட்டார் கேபிளின் உள்கம்பி நூல் மாதிரி, கிட்டாரின் சின்ன சிக்னலுக்கு மட்டுமே ஆனது. ஸ்பீக்கருக்குப் போகிற கரண்டை அது தாங்காது. முழுக்க என் தப்பு. அன்றிலிருந்து, இதோ, இந்த ஸ்பீக்கான் கேபிள் பையை விட்டு இறங்கியதே இல்லை. திருகிப் பூட்டுகிற நீலத்தலை. இதை வேறெதிலும் தப்பாகச் செருகவும் முடியாது.

ஓம் கணக்கும் (ஸ்பீக்கர் பெட்டியின் மின்தடை) அப்படித்தான். இரண்டு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் 4. இரண்டு 4 ஓம் சேர்த்தால் 2. ஹெட்டின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருந்தால் 4 ஓம் பெட்டியோடு இன்னொரு 4 ஓம் பெட்டியை மாட்டாதீர்கள், யார் சொன்னாலும்.

கடைசியாக, கரண்ட். இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிறவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சிக்னல் கேபிளின் இணைப்பை மட்டும்தான் பிரிக்கும். எர்த் பின்னை எடுத்தால் உங்கள் உயிருக்கு இருக்கிற பாதுகாப்பே போகிறது. கையில் தந்தி, உதட்டருகே மைக், இரண்டும் வேறு வேறு கரண்ட் லைனில். ஸ்டோன் தி குரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்ஸீ நகர மேடையில் இப்படித்தான் இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். வயது இருபதுகளில். நான் இப்போதும் மைக் பக்கம் வாயைக் கொண்டுபோகும் முன் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஜெனரேட்டர் மேடையாக இருந்தால் மல்ட்டிமீட்டரும் வரும். 230 வோல்ட் பக்கம் நிலையாக நின்றால்தான் ஆம்பின் பிளக்கைச் சொருகுவேன். ஒருமுறை 270 காட்டியது. கீழே போய், ஜெனரேட்டர்காரர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன்.

அட, மறந்தேவிட்டேன். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் கச்சேரி முடிந்ததும் ஜாக்கைக் கழற்றி வையுங்கள். ஜாக் உள்ளே இருக்கிற வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். நான் கச்சேரிக்குக் கச்சேரி புது 9 வோல்ட் போடுவதில்லை, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். கழற்றிய பேட்டரியைத் தூக்கிப் போடவும் மாட்டேன். இந்த மல்ட்டிமீட்டருக்கும் 9 வோல்ட்தான். பாருங்கள், மூடியைத் திறக்கிறேன்... ம், இதிலிருப்பது போன தீபாவளிக்குப் போட்டது.

வண்டி வந்துவிட்டது. வருகிறேன்.