லான்யாப்: ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு கொசுறு

எல்லாருக்கும் வணக்கம். காய்கறிக் கடையில் காய் வாங்கி முடித்ததும் கொஞ்சம் கறிவேப்பிலை, கொத்தமல்லி கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கொசுறுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. லான்யாப். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அதிலும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நன்றாகப் புழங்குகிற சொல். கடைக்காரர் காசு வாங்காமல் மேலே போட்டுக் கொடுக்கிற சின்னப் பொருள்தான் அது. இப்போது எதிர்பாராமல் கூடுதலாகக் கிடைக்கிற எதையும் அங்கே லான்யாப் என்றே சொல்கிறார்கள்.

அதன் எழுத்துக்கூட்டு அப்படியே பிரெஞ்சு, அதனால் நிறையப் பேர் இதைப் பிரெஞ்சுச் சொல் என்று நம்புகிறார்கள். ஆனால் லூசியானாவை பிரான்சு 1762-இல் ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது, அதற்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள் ஸ்பெயின் ஆட்சி, 1803-இல்தான் அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது. ஊர் மக்கள் பிரெஞ்சு பேச, அதிகாரம் ஸ்பானியத்தில் நடந்த காலம் அது. ஸ்பானியத்தில் 'லா ஞாப்பா' என்றால் அந்தக் கொசுறு. முன்னால் இருக்கிற 'லா' வெறும் சுட்டு, அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. அதே லூசியானாவின் சதுப்பு நிலங்களில் கிடக்கிற அலிகேட்டர் முதலையின் பெயரும் இப்படித்தான் ஸ்பானியத்திலிருந்து வந்தது: 'எல் லகார்த்தோ', அதாவது அந்தப் பல்லி.

1883-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய தன் நூலில் இந்தச் சொல்லைக் கொண்டாடினார், இதற்காகவே நியூ ஆர்லியன்ஸுக்குப் பயணம் போகலாம் என்றார். கடைக்கு வந்த குழந்தை 'லான்யாப்புக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்க, கடைக்காரர் ஒரு துண்டு அதிமதுரம் கொடுப்பதை எழுதுகிறார். ஆனால் இது ஸ்பானியச் சொல் என்று ஊரார் சொன்னதோடு அவர் நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது, ஏனென்றால் ஸ்பானியர்களுக்கும் இது இரவல் சொல்தான்.

மூலம் கெச்சுவா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டை ஆண்ட இன்கா அரசின் மொழி. அதில் 'யாபாய்' என்றால் கூட்டு, மேலும் சேர் என்று பொருள், சேர்த்துக் கொடுப்பது 'யாபா'. பெரு, பொலிவியா பக்கம் இன்றும் யாபாதான், கரீபியன் கரைக்கு வரும்போது ஞாப்பா ஆகிறது. யகரம் ஞகரமாவது நமக்குப் புதிதா என்ன, நம் 'யான்' மலையாளத்தில் 'ஞான்' இல்லையா! சரி, கொசுறைச் சொல்ல ஸ்பானியத்தில் வேறு சொல்லே இல்லையா? இருந்தது. இருந்தும் மலைநாட்டுச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவர்கள் விற்றவர்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். நாட்டைப் பிடித்தவர்கள், பொன்னையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு போனவர்கள், கொடுப்பதற்கான சொல்லை அந்த மக்களிடமிருந்தே கற்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் 'அழகான பிரெஞ்சுச் சொல்' என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெருவின் சந்தைகளில் இன்றும் பழச்சாறு குடித்து முடித்தவர் யாபா கேட்பார், மிக்ஸியில் மிச்சம் இருப்பதைக் கடைக்கார அம்மா அதே தம்ளரில் ஊற்றுவார். கெச்சுவா வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கின் பெயரும் யாபாய்தான்.