ஏதாவது ஆகிவிட்டால்?

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, நெதர்லாந்தில் மருத்துவச்சிகள் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார்கள், வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்கிறார்கள் என்றீர்கள். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்? நாம் கைவிட்டதையா அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?"

நாம் கைவிட்டது வேறு, தங்கையே. நான் இருக்கும் இந்த நெதர்லாந்தில் மருத்துவச்சி ஆவதற்கு நான்கு ஆண்டுப் படிப்பு. இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, ஆக்சிஜன், தையல் சாமான்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி எல்லாம் அவர் காரிலேயே வந்துவிடும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு தெருவில் சின்ன இடம் பிடித்துத் தொழில் நடத்துவார்கள். கட்டணத்தைக் காப்பீடு கொடுத்துவிடும். வழக்கமான நேயர்களுக்கு நான் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: தனியாகத் தொழில் செய்கிறார் என்பதால் அவர் தனியாக நிற்கிறார் என்று நினைக்காதீர்கள்.

எப்படி என்றால், யார் வீட்டில் பெறலாம், யார் கூடாது என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. இரட்டைக் குழந்தையா, தலை திரும்பவில்லையா, முன்பு சிசேரியன் ஆனதா, 37 வாரத்துக்கு முன்பே வலி கண்டுவிட்டதா, மருத்துவமனைதான். வீட்டில் தொடங்கிய பிறகு சிக்கல் தெரிந்தாலும் அப்படியே.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்கு வீட்டில் எல்லாம் தயார். கட்டிலின் நான்கு கால்களுக்கும் கட்டை வைத்து 80 சென்டிமீட்டருக்கு உயர்த்தியிருந்தோம். மருத்துவச்சி இடுப்பு ஒடியக் குனியக்கூடாது என்பதற்காக இங்கே அது கட்டாயம். ஊரிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, "கட்டிலுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறாயே!" என்றார். இரவு இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது, அதாவது குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. மருத்துவச்சி அந்தத் துணியை விளக்கடியில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். அடுத்த நிமிடம் தொலைபேசி, கால் மணி நேரத்தில் கார், மருத்துவமனை. மகள் அங்கேதான் பிறந்தாள். இரண்டாவது மகன்தான் அந்த உயரக் கட்டிலில் பிறந்தான்.

பயமில்லையா என்று கேட்பீர்கள். எண்களைச் சொல்கிறேன், இனிப்பையும் கசப்பையும் சேர்த்தே. 2009இல் இங்கே வெளியான ஆய்வு, சிக்கல் அதிகம் எதிர்பாராத 5,29,688 பேரின் பிரசவங்களைப் பார்த்தது. வீடு என்று திட்டமிட்டவர்களுக்கும் மருத்துவமனை என்று திட்டமிட்டவர்களுக்கும் குழந்தை இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 2011இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வு வேறொன்றையும் சொன்னது. தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3; மருத்துவமனையில் 5.3. வீட்டில் திட்டமிட்ட அந்தத் தாய்மார்களில் நூற்றுக்கு 45 பேர் இடையில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். என்னைப் போல. 1960களில் நெதர்லாந்தில் பாதிக்கும் மேல் வீட்டுப் பிரசவம். இப்போது ஏழில் ஒன்றுக்குப் பக்கம்தான்.

போன மாதம் சொன்னேனே, கத்தரினா ஸ்கிராடர்? வடக்கே ஃபிரீஸ்லாந்தில், கணவரை இழந்து, ஆறு பிள்ளைகளோடு 1693இல் மருத்துவச்சித் தொழிலுக்கு வந்தவர். 1745 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இறந்து பிறந்த குழந்தைகளையும் மறைக்கவில்லை. கூப்பிட மருத்துவமனை இல்லாத காலம் அது. இன்றைய மருத்துவச்சிக்கு இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தனியாகத் தொழில் செய்கிறார், தனியாக நிற்கவில்லை. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள், இரத்தப்போக்கில் தாய் போய்விட்டார். அங்கே மருத்துவச்சியே இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் கட்டிலுக்குக் கட்டை வைக்கவும் வேண்டாம்.

சரி, தங்கையே, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். மறுநாள் காலை என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்டீர்களா?

மறுநாள் காலை ஒரு பெண் மணியடித்து உள்ளே வருவார். இந்தச் சேவையைக் கிராம்சோர்க் என்கிறார்கள், பேறுகாலப் பராமரிப்பு. எட்டு நாள் வரை, நாளுக்குச் சில மணி நேரம். பெரும்பகுதி காப்பீடு, நம் கையிலிருந்து மணிக்குச் சில யூரோ. தாய்க்கும் சேய்க்கும் காய்ச்சல் பார்ப்பார், எடை போடுவார், பால் கொடுக்கச் சொல்லித்தருவார், குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார், குளியலறையையும் கழுவுவார். தொட்டில் கதகதப்பாக இருக்க உலோகச் சுடுநீர்க் குடுவை ஒன்று வைப்பார்கள். எங்களுக்கு வந்தவர் நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து உதறுவார். ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. எட்டு நாளும் இதே. அம்மா மூன்றாம் நாள் மெல்லக் கேட்டார்: "இந்தப் பெண் உனக்கு என்ன முறை வேண்டும்?"

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பலகாரம் கொடுப்பார்கள். வட்ட ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சிறு மணிகள். மௌஷியெஸ், அதாவது சுண்டெலிகள், என்று பெயர். அந்தப் பெண்தான் அம்மாவுக்கும் ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அம்மா சந்தேகத்தோடு ஒன்றைக் கடித்தார். சட்டென்று முகம் மாறியது.

"அடியே, உள்ளே சோம்பு! பால் சுரக்கக் கொடுக்கிறார்கள்" என்றார்.

இந்த ஊர்க்காரர்களும் ஒரு காலத்தில் அதற்காகத்தான் கொடுத்தார்களாம். அம்மா நான்கு சாப்பிட்டார்.